சிவப்புத் துணி கட்டாத ட்ரில்

கல்யாண வீடுகளில் சாப்பாடு வரத் தாமதமானால் என்னைத்தான் தேடுவார்கள். "அந்த ஓட்டைக் கதையச் சொல்லுங்களேன்" என்பார்கள். நானும் எழுந்து நின்று, நெஞ்சை முன்னால் தள்ளி, இல்லாத கைப்பிடியை வேகமாகச் சுற்றி, மாமியின் குரலில் பேசி, சோறு வரும்வரை எல்லோரையும் சிரிக்க வைப்பேன். இருபது வருடமாக இப்படித்தான். ஆனால் நான் சொல்வது பாதிக் கதை. சோறு வந்துவிட்டால் மீதியை யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் சமையல்கட்டுப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, சட்டி திறக்கும் சத்தம் கேட்கிற நேரமாகப் பார்த்துத்தான் கதையைத் தொடங்குவேன். இது என் சொந்தத் தந்திரம்.

மீதியை இப்போது எழுதுகிறேன். எழுத்துக்கு நடுவில் சோறு வராது.

எனக்கு இருபத்திநாலு வயதில் கல்யாணம் நடந்தது. மாத்தளை டவுனில் பெண் வீடு. எங்கள் சொந்தத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது வழக்கம். என்னைப் பற்றிப் பேசி முடித்த தரகர், "மெஷின் வேலை தெரிஞ்ச புள்ள" என்று சொல்லிவிட்டார். அது முழுப் பொய் இல்லை. ஒரு பஸ் கராஜில்தான் எனக்கு வேலை. உதிரிச் சாமான் போடும் தகர டப்பாக்களில் பேர் எழுதி ஒட்டுவேன். எழுத்து அழகாக இருக்கும். எந்தச் சாமானுக்கு என்ன பேர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எது எங்கே பூட்டுகிற சாமான் என்று மட்டும் கேட்கக் கூடாது.

மாமா, அதாவது என் மனைவியின் வாப்பா, மிளகும் நெல்லும் வாங்கி விற்பவர். நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் நம்புவார். நம்பியதை நாலு பேருக்குச் சொல்லாமல் தூங்கமாட்டார். நான் வந்த முதல் வாரத்திலேயே, "எங்கட மருமகன் மெஷின்காரர்" என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. தெருவில் யாருடைய சைக்கிள் செயின் கழன்றாலும் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

மாமியை நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை முன்னால் மாமியார் வருவது அந்த வீட்டில் பழக்கமில்லை. முன் கூடத்துக்கும் பெண்கள் இருக்கும் பக்கத்துக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அதில் ஒரு வாசல். வாசலில் ஒரு திரை. திரைக்குக் கீழே தட்டு வரும். பலகைக்குப் பின்னால் குரல் வரும். "மருமகனுக்கு இன்னம் கொஞ்சம் சோறு வைங்க." அந்தக் குரல்தான் எனக்கு மாமி.

அந்த வருடம் லக்கலப் பக்கம் மாமாவின் நெல் ஸ்டோருக்கு யானை வந்தது. கதவைத் தள்ளிச் சாய்த்துவிட்டு, சாப்பிட்டதைவிட அதிகமாக இறைத்துவிட்டுப் போனது. மாமா புதுக் கதவு போட்டார். இரும்பு மாதிரி இறுகிய பாலை மரத் தூண்கள். கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட வேண்டும் என்றார். இரும்பையும் துளைக்க வேண்டும், பாலையையும் துளைக்க வேண்டும். அங்கே கரண்டு கிடையாது.

"ஒரு துளை போடுற சாமான் பாத்து எடுங்க மகன்" என்றார். "வீட்டுச் சுவர்ல தட்டு அடிக்க, கொண்டி பூட்ட, அன்றாடம் பாவிக்கவும் தோதா இரிக்கணும். லக்கலக்குக் கொண்டுபோனா இரும்பையும் பாக்கணும். நான் எடுத்தா ஏமாத்திப் போடுவானுங்க. நீங்க மெஷின்காரர்."

நான் தாடையைத் தடவினேன். தெரிந்தவர்கள் அப்படித்தான் தடவுவார்கள் என்று கராஜில் பார்த்திருக்கிறேன்.

கடைத்தெருவின் மேல் முனையில் ஒரு சிங்கள முதலாளியின் இரும்புக்கடை இருந்தது. மெலிந்த மனிதர். காதில் எப்போதும் ஒரு பென்சில். மேசையின் மேல் ஒரு துண்டுப் பலகை, சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக. வாங்க வருகிறவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக வைத்திருந்தார். நாங்கள் பேசியது சிங்களத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் வேலையைச் சொன்னதும் மூன்று சாமானை எடுத்து வைத்தார். ஒன்று கரண்டில் ஓடுவது, பின்னால் நீள ஒயர். அதை எடுத்த வேகத்திலேயே திரும்ப உள்ளே வைத்தார். "லக்கலயில இத எங்க சொருகுவீங்க தம்பி? யானைட தும்பிக்கையிலயா? அங்கதான் ரெண்டு ஓட்டை இருக்கு."

இரண்டாவது கை ட்ரில். முட்டை அடிக்கிற கருவி போல, பக்கத்தில் பல்லுச் சக்கரம், சின்னக் கைப்பிடி. மூன்றாவதைத் தூக்கி வைத்தபோது மேசை ஒருமுறை அசைந்தது. அதே போலத்தான், ஆனால் இரண்டு பங்கு நீளம். தலைப்பக்கத்தில் வளைந்த ஓர் இரும்புத் தட்டு. அதை நெஞ்சில் வைத்து உடம்புப் பாரத்தால் அழுத்த வேண்டும். நெஞ்சு ட்ரில் என்றார்.

"இதுக்கு ரெண்டு வேகம். மரத்துக்கு வேகமா வைக்கலாம். இரும்புக்கு மெதுவா வைக்கணும், அப்பதான் முனையில துளைக்கிற கம்பி, இந்தப் பிட், எரியாது. லக்கல வேலைக்கு இது வேணும். ஆனா வீட்டு வேலைக்கு இத எடுக்காதீங்க. மெல்லிசுப் பலகைக்கு அந்தச் சின்னதுதான் தோது. கையால அழுத்துறது வேற, நெஞ்சால அழுத்துறது வேற. கை நிப்பாட்டினா நிக்கும். நெஞ்சு நிக்காது."

"ரெண்டு வேலைக்கும் ஒண்டு போதாதா?" என்றேன்.

"பெரிசு சின்ன வேலையும் செய்யும். செய்றவர் அதுக்குப் பழகியிருக்கணும்." மேசைக்கடியிலிருந்து ஒரு சிவப்புத் துணி நாடாவை எடுத்தார். "அப்படி எடுத்தா இத மறக்காதீங்க. எவ்வளவு ஆழம் வேணுமோ அந்த இடத்துல பிட்டுல துணியக் கட்டுங்க. துணி பலகையத் தொட்டா நிப்பாட்டுங்க. இந்தாங்க, இந்தப் பலகையில ஒண்டு போட்டுப் பாருங்க, நான் காட்டுறேன்."

கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் போட்டுப் பார்த்தால் என் மெஷின்காரப் பட்டம் அங்கேயே கழன்று விழும். நான் துணியைத் தொடவில்லை.

"தெரியும் முதலாளி, தெரியும். கராஜ்ல நாங்க பாக்காததா?"

அவர் துணியைத் திரும்ப மேசைக்கடியில் வைத்தார். நான் பெரியதைத் தோளில் சாய்த்து, துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே சனம் கூடிய தெருவழியாக வீட்டுக்கு வந்தேன். அதை அந்த வடிவத்துக்காகத்தான் எடுத்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். சின்னதைத் தூக்கிக்கொண்டு வந்தால் முட்டை அடிக்கப் போகிறவன் போல இருந்திருப்பேன்.

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த நாள் பின்னேரம், முன்வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வாங்குப் பலகையில் உட்கார வைத்தார். "மருமகன், லக்கலக்கு முந்தி இங்க ஒரு சின்ன வேலை. தொப்பி மாட்ட நாலு கட்டை அடிச்சுத் தாங்க, இந்தச் சுவர்ல."

இந்தச் சுவர் என்பது அந்தப் பலகைச் சுவர்.

நான் ட்ரில்லோடு வந்த பெட்டியிலிருந்த பிட்டுகளில் பெரியதாகப் பார்த்துப் பூட்டினேன். இரும்புத் தட்டை நெஞ்சில் வைத்தேன். நெஞ்சால் அழுத்துகிற சாமான் என்பதால் ஓட்டையும் நெஞ்சு உயரத்தில்தான் விழும்; தொப்பி மாட்டுகிற கட்டை தலை உயரத்தில் அல்லவா இருக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. சாய்ந்து சுற்றினேன். மரத்தூள் கொட்டியது. முன்வீட்டுக்காரர் "அடேயப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் நாலு சுற்று வேகமாகச் சுற்றினேன்.

பலகை முடிந்தது. நான் முடியவில்லை. நெஞ்சு நிற்காது என்று முதலாளி சொன்னது சரி. ட்ரில்லோடு சேர்ந்து நானும் போய்ச் சுவரில் முட்டினேன். மறுபக்கத்தில் ஏதோ தகர டப்பா விழுந்து உருளும் சத்தம். பிறகு மாமியின் குரல், சோறு வைக்கச் சொல்லும் அதே குரல்:

"இங்க ஒரு கம்பி வந்திரிக்கி."

கல்யாண வீடுகளில் இந்த இடத்தில்தான் எல்லோரும் புரையேறச் சிரிப்பார்கள்.

மாமி சுவர்த் தட்டில் அடுக்கியிருந்த மாசிக் கருவாட்டு டப்பாவைப் பிட் தள்ளிவிட்டிருந்தது. நான் பதறிப் பின்னால் இழுத்தேன். வரவில்லை. கைப்பிடியை மாற்றிச் சுற்றினேன். பிட் மட்டும் கழன்று பலகையிலேயே நின்றது. மாமி மறுபக்கமிருந்து எதையோ வைத்துத் தட்ட, அது என் காலடியில் விழுந்தது. சுவரில் ஒரு வட்ட ஓட்டை. அதன்வழியாகச் சமையலறை வெளிச்சம் என் சட்டையில் ஒரு காசளவுக்கு விழுந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெண்கள் பக்கத்துச் சுவரில், கல்யாணமாகி ஒரு மாதம் ஆகாத மருமகன் ஒரு ஓட்டை போட்டிருக்கிறான். உள்ளே எட்டிப் பார்க்க ஓட்டை போட்டான் என்று நாளைக்குத் தெருவே சொல்லும். உடனே கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். மூடினது போதாதென்று, ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டு அடைத்தேன். கண்ணை மூடி, விரலைச் சுவருக்குள் விட்டு, யாருக்கோ காவல் நிற்பவன் போல நின்றேன்.

மாமா கேட்டார்: "எவ்வளவு நேரம் இப்படி நிக்கப் போறீங்க, மகன்?"

மறுபக்கமிருந்து மாமி: "விரல எடுக்கச் சொல்லுங்க. அதுலயும் தூசி."

இத்தோடு சோறு வந்துவிடும். நான் உட்கார்ந்துவிடுவேன்.

அங்கே சொல்லாமல் விடுகிற மீதி இது. முன்வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். மாமா சிரிக்கவில்லை. அவர் முகத்தில் கோபமும் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் லேசாக வந்து நின்றது. என் கையைப் பார்த்தார், ட்ரில்லைப் பார்த்தார், மறுபடி என் கையைப் பார்த்தார்.

"இது இவ்வளவு தூரம் போகும் என்டு கடைக்காரர் சொல்லல்லியா?"

அந்தக் கேள்வி எனக்காக அவர் திறந்துவிட்ட ஒரு கதவு. நான் அதற்குள் பாய்ந்தேன்.

"இல்ல மாமா. ஒண்டும் சொல்லல்ல. எடுத்துத் தந்தாரு, நான் கொண்டுவந்தேன்."

மாமாவின் முகம் உடனே தெளிந்துவிட்டது. மருமகன் மறுபடி மெஷின்காரன் ஆகிவிட்டான். "சாமான் விக்கிறவன் பாவிக்கிற விதம் சொல்லித் தர வாணாமா? வாங்க" என்று ட்ரில்லையும் பிட்டையும் என் கையில் தந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடைத்தெருவின் மேல் முனைக்கு நடக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்றால்: ஒரு கார் வந்து மெதுவாக இடிக்கலாம். மழை பெய்யலாம். கடை மூடியிருக்கலாம். என் ஒரு செருப்பை நானே சாக்கடையில் தள்ளிவிட்டு, "மாமா, செருப்பு" என்றேன். "வார வழியில எடுப்பம்" என்றார். ஒற்றைச் செருப்போடு அந்தக் கடைக்குள் போனேன்.

மாமா சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "முதலாளி, உங்கள நம்பித்தானே வாறம். புள்ள வாங்க வந்தா ரெண்டு வார்த்தை சொல்லித் தர வாணாமா? வீட்டுப் பொம்புளைக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்த சல்லடைப் பலகையைப் பார்த்தேன். அதில் எத்தனை ஓட்டை என்று எண்ணினேன். பதினேழு வரை போனேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று நிமிராமலே தெரிந்தது. என் கால்கள் ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும் இருந்தன.

பிறகு அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"சொல்ல மறந்துட்டேன்" என்றார். "என் தவறு."

மேசைக்கடியிலிருந்து அதே சிவப்பு நாடாவை எடுத்து, பிட்டில் அளவு பார்த்துக் கட்டினார். முன்னால் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளை, ஒரு எழுத்து மாறாமல், இந்த முறை மாமாவுக்குச் சொன்னார். துணி பலகையத் தொட்டா நிப்பாட்டுங்க. மாமா தலையை ஆட்டினார். "கேட்டீங்களா மகன்?" என்றார். கேட்டேன் என்றேன். இரண்டாவது தடவையாக.

திரும்பி வரும்போது மாமாவுக்கு நல்ல மனநிலை. "நல்ல மனுசன்தான். ஆனா மறதி" என்றார். செருப்பை நான் எடுக்கவில்லை.

இதோடு விட்டிருந்தால்கூட ஒரு பொய் என்ற அளவில் நின்றிருக்கும். ஆனால் ஓட்டைக் கதை முன்வீட்டுக்காரர் வாய்வழியாகத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டது. மறுநாள் நான் அங்கே நுழைந்ததும் ஒருவர் விரலை நீட்டிக் காட்டினார், எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பை வேறு பக்கம் திருப்ப வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே.

"என்ட விரல விடுங்க. மேல் முனையில மறதி முதலாளி ஒருத்தர் இரிக்கிறாரு. அவர்ட்ட ஆணி கேட்டா சுத்தியலத் தந்துட்டு, காச வாங்க மறந்துடுவாரு" என்றேன்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் எப்படிக் காதில் பென்சிலை வைத்துக்கொண்டே பென்சிலைத் தேடுவார் என்று நடித்தும் காட்டினேன். அப்படி அவர் தேடி நான் பார்த்ததே இல்லை. மறதி முதலாளி என்ற பேர் அன்றைக்கு அந்தக் கடையில், என் வாயில் பிறந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது வேறு யாரோ வேறு யாரிடமோ அந்தப் பேரைச் சொல்வதைக் கேட்டேன்.

லக்கல வேலை நன்றாகவே முடிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நெஞ்சு ட்ரில் அருமையான சாமான். வேகத்தைக் குறைத்து வைத்து, சிவப்புத் துணி கட்டி, முதலாளி சொன்னபடியே அழுத்தினேன். இரும்பும் பாலையும் இறங்கிக் கொடுத்தன. யானை வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாகக் காவல்காரர் சொல்லியனுப்பினார். "மருமகன் பாத்து எடுத்த சாமான்" என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கூடவே, "கடைக்காரர்தான் பாவம், மறதிக்காரர். அவர்ட வாங்கினா ரெண்டு தரம் கேட்டு வாங்குங்க" என்பார்.

அந்த ஓட்டையை நான் அடைக்கவில்லை. மாமி தன் பக்கத்திலிருந்து ஒரு துணிச் சுருளைச் சொருகி வைத்திருந்தார். ஒரு பகல் வீட்டில் வேறு யாருமில்லை. அந்தப் பக்கத்தில் அம்மியில் அரைக்கும் சத்தம். நான் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, திரும்பாமலே சொன்னேன்.

"மாமி, கடைக்காரர் அன்டைக்கு எனக்குச் சொன்னாரு. துணி கட்டச் சொன்னாரு. நான்தான் கேக்கல்ல."

அம்மி நின்றது.

"தெரியும்" என்றது குரல். "நீங்க 'ஒண்டும் சொல்லல்ல' என்டு சொன்னப்ப உங்கட சத்தம் நூல் மாதிரி மெலிஞ்சு வந்திச்சி. பலகைக்கு இந்தப் பக்கம் இரிக்கிறவங்களுக்குச் சத்தம் மட்டும்தானே. அது நல்லா வெளங்கும்."

குரல் தொடர்ந்தது.

"ஓட்டைய என்ட பக்கம் போட்டீங்க. அத நான் அடைச்சிட்டேன். மத்த ஓட்டைய அந்தக் கடைக்காரர்ட்டல்லவா போட்டீங்க. அவர்ட்டப் போய்ச் சொல்லுங்க."

அம்மி மறுபடி ஓடத் தொடங்கியது.

போனேன். கடையில் சனம் இருந்தது. "என்ன வேணும் தம்பி?" என்றார். வாயைத் திறந்தேன். ஒரு பெட்டி திருகாணி என்று வந்தது. அடுத்த வாரமும் போனேன். இன்னொரு பெட்டி. மூன்றாவது முறை கீல் நாலு சோடி. எங்கள் வீட்டில் அத்தனை கதவே கிடையாது. நாலாவது முறை கடையில் யாருமில்லை. சொல்லிவிட்டேன். மறந்ததாகச் சொன்னீர்களே, நீங்கள் மறக்கவில்லை, நான் மாமாவிடம் பொய் சொன்னேன், மறதி முதலாளி என்று பேர் வைத்ததும் நான்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில், மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் சிரித்தார் என்று எழுதினால் எனக்கு நிம்மதியாக இருக்கும். சிரிக்கவில்லை.

"அன்டைக்கு உங்க கால்ல ஒரு செருப்புத்தான் இருந்திச்சி" என்றார். "புது மாப்பிள்ளை. மாமனார் பக்கத்துல. என்ன செய்ய? நான் மறந்தேன் என்டு சொன்னா எனக்கு ஒரு நாள் வெக்கம், உங்களுக்கு ஆயுசுக்கும் வெக்கம். அப்படித்தான் கணக்குப் போட்டேன்." மேசையிலிருந்த ஓட்டைப் பலகையை ஓரமாகத் தள்ளினார். "அது ஒரு நாளோட போகல்ல."

"நான் என்ன செய்யணும் முதலாளி?"

"நான் சொன்னது எனக்குத் தெரியும். எனக்கே வந்து சொல்றீங்க. தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க."

தெரியாதவர்கள் இரண்டு வகை. ஒன்று மாமா. இன்றைக்குச் சொல்லலாம், பெருநாள் கழித்துச் சொல்லலாம், முதல் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் சொல்லலாம் என்று ஒன்பது வருடம் தள்ளினேன். மாமா மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை என்னை மெஷின்காரன் என்றே நம்பினார். இன்னொன்று ஊர்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் வழக்கம்போலக் கேட்டார்கள். எழுந்தேன், நடித்தேன், கம்பி வந்தது, விரல் போனது, சிரித்தார்கள், சோறும் வந்தது. நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே மீதியைச் சொன்னேன். கடைக்காரர் எனக்குச் சொல்லித் தந்தார், மறந்தவர் அவரில்லை, அந்தப் பேர் என் வாயில் வந்த பொய் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்த சோற்றுத் தட்டில் யாரும் கை வைக்கவும் இல்லை. பிறகு ஒருவர், என்னைவிட வயதில் குறைந்தவர், இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, அண்ணனுக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் 'நானா' போட்டுச் சொன்னார்:

"அதுக்கென்ன நானா, மறதி முதலாளி என்டுறது நல்ல பேர்தானே. அப்படிச் சொன்னாத்தானே கடை எது என்டு தெரியும்."

மறுநாள் கடைத்தெருவின் மேல் முனைக்குப் போனேன். முதலாளிக்கு வயதாகிவிட்டது. வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். காதில் பென்சில் இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள், தெருவின் அந்தப் பக்கமிருந்து கைவண்டி தள்ளிய ஒருவர், "மறதி முதலாளி, அரை அங்குல போல்ட் இரிக்கா?" என்று கேட்டார்.

அவர் திரும்பிப் பார்த்து, "இருக்கு, வாங்க" என்றார்.